என் போர்ச்சையும் தரவு மையமாக அறிவியுங்கள்

ஜொகூரின் தாமான் வீட்டு போர்ச்சுகளில் இப்போது மின்நிலையங்கள் நிற்கின்றன. வெள்ளை, சாம்பல், நீலம் என்று பல நிறத்தில், வங்கிக் கடனில், ஒன்பது வருடத் தவணையில் வாங்கியவை. மஞ்சள் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயில் வாசலிலிருந்து ஓட்டிவந்து நிறுத்தியிருக்கிறோம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கரண்டு போனால், அந்த மின்நிலையத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டு கைப்பேசி வெளிச்சத்தில் மெழுகுவத்தி தேடுகிறோம். மின்நிலையத்தின் சொந்தக்காரரே மெழுகுவத்தி தேடும் காட்சியை உலகத்துக்குக் காட்டிய பெருமை நமக்குத்தான். மலேசியா போலே!

கதை அளக்கவில்லை. பி.ஒய்.டி அட்டோ 3 காரின் பெரிய பேட்டரி 60.48 யூனிட் கொள்ளும். நம்முடைய புரோட்டோன் இ.மாஸ் 7 காரின் பெரிய பேட்டரி 60.22 யூனிட். மாதம் 360 யூனிட் ஓடும் வீடு ஒரு நாளைக்கு 12 யூனிட் தின்கிறது. ஏற்றி இறக்குவதில் போகும் இழப்பையும், கார் தனக்கென்று பிடித்துவைக்கும் மிச்சத்தையும் கழித்தால்கூட நான்கு நாள் தாங்கும். பணக்காரர்கள் வீட்டுச் சுவரில் மாட்டும் டெஸ்லா பவர்வால் ஒன்றில் அடங்குவது 13.5 யூனிட்தான். அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் நம் வாசலில் சக்கரத்தோடு நின்று, நாளில் பெரும்பாதி தூங்குகிறது.

காருக்கு வெளியே மின்சாரம் கொடுக்கத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். வி-டு-எல் என்று ஒரு வசதி. 2022-ல் இங்கே வந்த ஹூண்டாய் அயோனிக் 5 முதல் இன்றைய இ.மாஸ் 7 வரை அது இருக்கிறது. ஒரு பிளக்கைச் செருகினால் ஏறக்குறைய மூன்றரை கிலோவாட் வரை கிடைக்கும். ஆனால் அதை நமக்கு எப்படி விற்றார்கள் தெரியுமா? கேம்ப்பிங் போகலாமாம். கடற்கரையில் கூடாரம், அதில் மினுக்கும் விளக்குச் சரம், ஒரு காபி இயந்திரம், சிரிக்கும் குடும்பம். ஜொகூர்காரனுக்குக் கரண்டு எப்போது தேவைப்படும் என்று விளம்பரக்காரர்கள் மிகவும் யோசித்திருக்கிறார்கள். டேசாருவில் காபி கலக்கும்போதுதான் தேவைப்படுமாம்.

2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங், சிகாமட் எல்லாம் தண்ணீருக்குள் கிடந்தபோது 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நிவாரண மையங்களில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் மூழ்கடித்த வெள்ளத்தில் வெளியேறியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். வெள்ளம் ஏறினால் துணை மின்நிலையங்களை அணைத்துவிடுவார்கள். அணைக்கத்தான் வேண்டும், உயிர் முக்கியம். ஆனால் அந்த நேரத்தில் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் பக்கத்தில், மேட்டில் நிறுத்திய ஒரே ஒரு மின்சாரக் கார், ஆஸ்துமா கிழவிக்கு நெபுலைசரையும் கைக்குழந்தைக்குப் பால் சூடாக்க ஒரு கெட்டிலையும் நாலைந்து விசிறிகளையும் ஓட்டும். வெள்ளத்தை விடுங்கள். 2022 ஜூலை 27 அன்று மதியம் 12.39-க்கு நம் யோங் பெங் உத்தாரா துணை மின்நிலையத்தில் ஒரு கருவி பழுதாகி, கிள்ளான் பள்ளத்தாக்கு வரை பல மாநிலங்களில் கரண்டு போனது. ஜொகூரில் ஒரு பெட்டி தும்மினால் கோலாலம்பூரில் லிப்ட் நிற்கும். இவ்வளவு மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டுதான் விளக்குச் சரம் கட்டிக் காபி குடிக்கச் சொல்கிறார்கள்.

ஜப்பான்காரன் இந்தக் காபிக் கடையெல்லாம் நடத்தவில்லை. 2011 மார்ச்சில் நிலநடுக்கம், சுனாமி, புகுஷிமா. அடுத்த வருடமே நிசான் நிறுவனம் நிச்சிக்கோன் செய்த ஒரு பெட்டியோடு வந்தது. லீஃப் காரை அதில் சொருகினால் 6 கிலோவாட் வரை வீட்டுக்குள் பாயும். அன்றைய லீஃபின் பேட்டரி 24 யூனிட், இன்று நம் போர்ச்சில் நிற்பதில் பாதிகூட இல்லை. 2019 செப்டம்பரில் சிபா மாநிலத்தைப் புயல் அடித்து நாள்கணக்கில் இருட்டாக்கியபோது, லீஃப் கார்கள் போய் நின்று கரண்டு கொடுத்தன. அதே லீஃப் 2013-லேயே மலேசியாவில் விற்பனைக்கு வந்தது. கார் கப்பலேறியது. பெட்டி ஏனோ துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. அது வேறு வகைப் பிளக், நம்முடையது சி.சி.எஸ் என்று இனியும் சாக்குச் சொல்ல முடியாது. அதற்கும் இருவழி ஓட்டத்தை வரையறுக்கும் ஐ.எஸ்.ஓ 15118-20 தரம் 2022-ல் வெளியாகிவிட்டது.

இந்த விஷயத்தோடு ஒருவர் கவுண்டருக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கவுண்டர் என்று கேட்காதீர்கள், எல்லாக் கவுண்டரும் ஒன்றுதான். நம்பர் எடுத்து, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, முறை வருகிறது.

"தங்கச்சி, என் காடியிலிருந்து வீட்டுக்குக் கரண்டு எடுக்கணும்மா. முறையா பெர்மிட் வாங்கிச் செய்யலாம்னு வந்தேன்."

"இ.வி. சார்ஜர் போடப் போறீங்களா, அங்கிள்?"

"அது போட்டாச்சு. வீட்டிலிருந்து காடிக்குப் போகுது. நான் கேக்குறது காடியிலிருந்து வீட்டுக்கு."

"அப்ப சோலாரா?"

"சோலார் இல்லம்மா. காடி."

"சிஸ்டத்துல சோலார் இருக்கு, இ.வி. இருக்கு அங்கிள். நீங்க சொல்றது இல்லியே."

"அப்ப என்னன்னு போடுறது?"

"லாயின்-லாயின்னு போடுங்க அங்கிள்."

'மற்றவை' என்ற அந்தக் கட்டத்தில் டிக் போட்டு இந்த நாட்டில் நமக்குப் பழக்கம் உண்டு. பெரியவர் மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டு வருகிறார்.

அந்தப் பெண்ணின் மேல் குற்றமில்லை. இதில் ஆபத்து உண்டு என்பதும் நிஜம். தெருவில் கரண்டு போயிருக்கும்போது யாரோ ஒரு கெட்டிக்காரர் காரிலிருந்து வயர் இழுத்துச் சுவர் பிளக்கில் சொருகினால், அந்த மின்சாரம் மெயின் கம்பிக்கு ஏறி, கம்பத்தில் வேலை பார்க்கும் ஆளைச் சாகடிக்கும். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். இதற்கு மருந்து உண்டு. வீட்டையும் தெருவையும் துண்டித்த பிறகே காரை இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்று, சரியான எர்த்திங், சான்றிதழ் உள்ள வயர்மேன் ஒருவர். தோட்டத்து ஆலைகளில் ஜெனரேட்டருக்கு மாட்டிய அதே சுவிட்ச்தான், பாட்டன் காலத்துச் சரக்கு. காருக்கு எந்தச் சுவிட்ச், யார் மாட்டலாம், யார் வந்து பார்ப்பார் என்று சாதாரண வீட்டுக்காரருக்குப் புரிகிற மாதிரி ஒரு தாள் அடித்துக் கொடுப்பதற்கு ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம். சும்மா இருப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சும்மா இருந்தால் பாதுகாப்பு வராது. யூடியூப் பார்த்து வயர் இழுக்கும் கெட்டிக்காரர்தான் வருவார்.

சரி, சுவிட்ச் மாட்டியாயிற்று, பெர்மிட்டும் கிடைத்துவிட்டது என்றே கற்பனை செய்வோம். கற்பனைக்கு இன்னும் எஸ்.எஸ்.டி இல்லை. மலிவு நேரத்தில் ஏற்றி, எல்லாரும் ஏர்கோன் போடும் நேரத்தில் இறக்கி, நாட்டுக்கும் உதவி, நாலு காசும் பார்க்கலாம் என்கிறார்கள். அந்த நாலு காசு எது என்று பார்ப்போம்.

2025 ஜூலை 1 முதல் புதுக் கட்டணம். விரும்பும் வீட்டுக்காரர் நேரத்துக்கேற்ற கட்டணத்தில் சேரலாம். திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 வரை உச்ச நேரம், மிச்சமெல்லாம் மலிவு நேரம். மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு உச்ச நேர ஆற்றல் கட்டணம் 28.52 காசு, மலிவு நேரத்தில் 24.43 காசு. வித்தியாசம் 4.09 காசு. நாலு காசு என்றது பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே நாலு காசு! கொள்திறன் கட்டணம் 4.55, வலையமைப்புக் கட்டணம் 12.85 இரண்டையும் சேர்த்தால் மலிவு நேர யூனிட் 41.83 காசு, உச்ச நேர யூனிட் 45.92 காசு. இனி, ஏற்றி இறக்கும் வழியில் பத்தில் ஒரு பங்கு சூடாகிப் போகிறது என்று வையுங்கள், நல்ல கருவிக்கே அது ஆகும். வீட்டுக்குள் ஒரு யூனிட் இறக்க 1.11 யூனிட் ஏற்ற வேண்டும். அடக்க விலை 46.48 காசு. நேராக உச்ச நேரத்திலேயே வாங்கியிருந்தால் 45.92 காசு.

ஆக, நாட்டின் ஆற்றல் மாற்றத்துக்குத் தோள் கொடுக்க வந்த குடிமகன் யூனிட்டுக்கு அரைக் காசு அபராதம் கட்டுகிறார். பௌதிக விதிகளுக்கு மனு போட்டு இழப்பே இல்லாமல் செய்துவிட்டாலும், 60 யூனிட் முழுக்க இறக்கினால் கிடைப்பது 2 வெள்ளி 45 காசு. மாமாக் கடையில் ஒரு ரொட்டி கோசோங் வரும். தே தாரிக்குக் கையிலிருந்து போட வேண்டும். ஒரு லட்சத்துக்கு மேல் கொட்டி வாங்கிய மின்நிலையத்தின் ஒரு நாள் வருமானம் இது.

கம்பிக்குத் திருப்பி விற்றால்? கூரை சோலாருக்காவது நெம் என்று ஒரு திட்டம் இருந்தது. அதுவும் 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு கதவைச் சாத்தியது. 2026 ஜனவரியில் சோலார் அத்தாப் வந்தது. கூரைக்கு ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவாவது திறக்கிறது. காருக்குக் கதவு வைத்தே சுவர் கட்டவில்லை. பத்தாயிரம் கார்கள் ஆளுக்கு 3 கிலோவாட் கொடுத்தால் 30 மெகாவாட். சாயங்காலம் ஏழு மணிக்கு, புகையில்லாமல், புதுக் கம்பி இழுக்காமல் வரும் அந்த 30 மெகாவாட்டுக்கு நம் கட்டணப் பட்டியலில் ஒரு வரி கிடையாது. பத்தாயிரம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2025-க்குள் நாடெங்கும் பத்தாயிரம் பொதுச் சார்ஜர்கள் என்று முழங்கினார்கள். 2025 வந்தது, போனது, பத்தாயிரம் வரவில்லை. அதைப் பற்றி யாரும் மெழுகுவத்திகூட ஏற்றவில்லை.

நாம் ஏழை நாடு, இதெல்லாம் மெதுவாகத்தான் வரும் என்று நினைத்து ஆறுதல் கொள்ளலாம் என்றால், கூலாய் பக்கம் ஒருமுறை காரை ஓட்டிப் பாருங்கள். செடனாக், செனாய், இஸ்கந்தர் புத்ரி என்று போகும் வழியெல்லாம் ஜன்னலில்லாத பிரம்மாண்டக் கட்டடங்கள். சிங்கப்பூர் 2019-ல் புதிய தரவு மையங்களுக்குத் தடை போட்டது. 2022-ல் தடை நீங்குவதற்குள் எல்லாரும் பாலம் தாண்டி நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நாம் வாசலில் கோலம் போட்டு நின்றோம். 2023 டிசம்பரில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் வந்து ஒய்.டி.எல் நிறுவனத்தோடு கைகுலுக்கினார். கூலாயில் அந்த நிறுவனத்தின் தரவு மையப் பூங்காவுக்குத் திட்டமிட்ட அளவு மட்டும் 500 மெகாவாட். நாட்டில் 2024 முடிவுக்குள் 38 தரவு மையங்களுக்கு மின் நிறுவனமான டி.என்.பி கையெழுத்திட்ட மின் ஒப்பந்தங்களின் மொத்த அளவு 5.9 கிகாவாட். தீபகற்பம் முழுக்க உச்ச நேரத்தில் இழுப்பதே 20 கிகாவாட்டைச் சுற்றித்தான்.

இவர்களும் கவுண்டரில் நம்பர் எடுத்தா உட்கார்ந்தார்கள்? 2023 ஆகஸ்டில் டி.என்.பி இவர்களுக்கென்றே 'பசுமைத் தடம்' என்று ஒரு வழியைத் திறந்தது. முன்பு மூன்று வருடத்துக்கு மேல் இழுத்த உயர் அழுத்த இணைப்பு வேலை 12 மாதத்தில் முடியும். பாருங்கள், மனமிருந்தால் இந்த நாட்டில் மூன்று வருடத்தை ஒரு வருடமாக மடிக்க முடிகிறது! பொறியாளர்கள் இருக்கிறார்கள், பாரங்கள் இருக்கின்றன, சிஸ்டத்தில் இடம் இருக்கிறது, யாரையும் 'லாயின்-லாயின்' என்று போடச் சொல்லவில்லை. அவர்கள் கட்டணம் கட்டுகிறார்கள், 2025 ஜூலையில் அவர்களுக்கென்று அதியுயர் மின்னழுத்தப் பிரிவு வைத்துக் கட்டணத்தையும் ஏற்றினார்கள் என்பதை மறைக்கவில்லை. ஆனால் வேகம் யாருக்கு, பொறுமை யாருக்கு என்பதை எந்தக் கட்டணப் பட்டியலும் காட்டாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகப் பழகியது. பல தோட்டங்களில் ஆலைக்கும் துரை பங்களாவுக்கும் எப்போதும் கரண்டு. லயத்துக்குச் சாயங்காலம் இஞ்சின் போட்டு, ராத்திரி பத்து மணிக்கு நிறுத்துவார்கள். டிவியில் தமிழ்ப்படம் பாதியில் அணையும். கதாநாயகி யாரைக் கட்டிக்கொண்டாள் என்று மறுநாள் பால் வெட்டும்போது ஆளுக்கொரு முடிவு சொல்லிக்கொள்வார்கள். கேட்டால் "எண்ணெய் இல்லை" என்பார் கிராணி. பங்களாவுக்கு மட்டும் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்ட ஆளுக்கு மறுநாள் மலைக்காட்டு நிரை கிடைக்கும். பவுஸ்டெட் வைத்திருந்த கூலாய் யங் தோட்டத்தை ஒய்.டி.எல் வாங்கி, 500 மெகாவாட் வரை சூரிய மின்சாரம் எடுக்கப்போவதாக அறிவித்தது. எடுக்கட்டும், நல்ல காரியம். தோட்டத்துக்குக் கரண்டு வந்தே விட்டது, லயத்தில்தான் ஆளில்லை. லயத்தை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தாமான் போர்ச்சில் 60 யூனிட்டை வைத்துக்கொண்டு மெழுகுவத்தி தேடுகிறார்கள்.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்காரனாகக் கேட்டால் வேலைக்காகாது. உரியவர்களுக்கு என் விண்ணப்பம்: என் போர்ச்சைத் தரவு மையமாக அறிவியுங்கள்.

இடம், பத்தடிக்கு இருபதடி. முதலீடு, ஏறக்குறைய ஒரு லட்சத்து இருபதாயிரம் வெள்ளி, கடன் ஒப்பந்தம் இணைப்பில் உள்ளது. சேமித்து வைத்திருக்கும் தரவு: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் வரும் குட்மார்னிங் முருகன் படங்கள், மூன்று கல்யாண வீடியோ, மச்சான் அனுப்பும் மூட்டுவலி வைத்தியம். எதையும் இதுவரை அழித்ததில்லை, ஆகவே மேகக் கணினிக்கு நிகரான நம்பகத்தன்மை. குளிரூட்டல், ஒரு மேசை விசிறி. தண்ணீர்த் தேவை, கார் கழுவ இரண்டு வாளி. மற்றத் தரவு மையங்களைப் போல ஒரு நதியைக் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். பாதுகாப்புக்கு ஒரு கறுப்பு நாய். உள்ளூர் வேலைவாய்ப்பு, நிரந்தரமாக ஒன்று, நான்தான். பெரிய மையங்களும் கட்டி முடித்த பிறகு காவலாளிகளைத் தவிர அதிகம் பேரை உட்கார வைப்பதில்லை என்பதால் இதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். கரண்டு போனால் அவர்கள் வரிசை வரிசையாக டீசல் ஜெனரேட்டர்களைக் கிளப்பிப் புகைவிடுவார்கள். என் மையத்தில் டீசலே கிடையாது. பசுமை என்ற வார்த்தையை மேடையில் சொல்ல எனக்குத்தான் முதல் தகுதி. 12 மாதம் போதும், காத்திருக்கிறேன். ரிப்பன் வெட்ட யார் வந்தாலும் சரி. கேசரி உண்டு.

விண்ணப்பம் ஏற்கப்பட்டாலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2025 டிசம்பரில் பெரோடுவா கியூ.வி-இ வந்தது. நம் ஊரிலேயே உருவாக்கிய முதல் மின்சாரக் கார் என்றார்கள். கார் 80 ஆயிரம் வெள்ளி, பேட்டரி மட்டும் வாடகைக்கு: மாதம் 275 வெள்ளி, ஒன்பது வருடம். கூட்டிப் பார்த்தால் 29,700 வெள்ளி. பேட்டரி கெட்டால் வாங்கியவர் தலையில் விழாது என்ற நியாயம் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் போர்ச்சில், என் காரில், என் காசில் ஏற்றிய கரண்டு குடியிருப்பது வாடகை வீட்டில். அதை இறக்கி என் மாமியாருக்கு விசிறி ஓட்டினால் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? உள்வாடகை என்பாரா? மற்ற கார் வைத்திருப்பவர்களும் உத்தரவாதப் புத்தகத்தை எடுத்து, இப்படி வெளியே இறக்கும் மின்சாரத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இன்று ராத்திரியே படித்துவிடுங்கள். கரண்டு இருக்கும்போதே படியுங்கள்.

நம் ஆட்களையும் விட்டுவைப்பதற்கில்லை. புதுக்கார் வாங்கியவர் தே தாரிக் கடையில் என்ன பேசுகிறார்? நூறு கிலோமீட்டர் வேகம் எத்தனை வினாடியில், திரை எத்தனை அங்குலம், மைத்துனர் காரைவிட எத்தனை குதிரை அதிகம். அதன் பேட்டரி வீட்டுக்கு என்ன செய்யும் என்று விற்பனைக் கூடத்தில் கேட்டவர் எத்தனை பேர்? அடுக்குமாடியில் இருப்பவருக்கு இன்னும் மோசம். சார்ஜர் ஒன்று மாட்டவே நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போய், அதற்கடுத்த கூட்டத்தில் கோரம் இல்லாமல் கலைகிறது. நம் சங்கங்கள் தீபாவளி விருந்துக்கு அமைச்சரைக் கூப்பிட்டு மாலை போடுகின்றன. மாலை போட்ட கையோடு ஒரு மனுவையும் நீட்டினால் மாலை வாடிவிடுமா?

கேட்க வேண்டியது கொஞ்சம்தான். காரையும் வீட்டையும் இணைக்கும் சுவிட்சுக்கு ஒரு விதி, வயர்மேனுக்குப் புரியும் மொழியில். உச்ச நேரத்தில் கொடுக்கும் யூனிட்டுக்கு ஒரு விலை, இழப்பைக் கழித்தாலும் கைக்கடிக்காத விலை. வெள்ள நிவாரண மையங்களில் காரைச் சொருக ஒரு பாயிண்ட், அடுத்த மழைக்கு முன்னால். பெரியவர்களுக்குக் கொடுத்த அதே 12 மாதக் கெடு எங்களுக்கும். அடுத்து வாக்குக் கேட்டு வருபவரை வீட்டுக்குள் கூப்பிடாதீர்கள். போர்ச்சிலேயே நிறுத்தி, காரைக் காட்டிக் கேளுங்கள்: இதிலிருந்து ஒரு யூனிட் கொடுத்தால் எத்தனை காசு தருவீர்கள், எந்த மாதத்திலிருந்து? எண்ணும் தேதியும் வராவிட்டால் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள்.